மூன்று பெட்டிகளும் ஒரு காந்தமும்



பழவேற்காடு ஏரியின் நீர் உப்பு நீரா, நன்னீரா? இப்படி ஒரு வினாவைத் தேர்வில் கொடுத்து, 'சரியான ஒரு விடையைத் தேர்ந்தெடுக்க' என்று சொன்னால் நீங்கள் எதை எழுதுவீர்கள்? ஏரிக்கரைக் குப்பங்களில் வலை கட்டும் பெரியவர் யாரிடமாவது இதைக் கேட்டால், "எந்த மாசத்துல தம்பி? எந்த எடத்துல?" என்றுதான் அவர் திருப்பிக் கேட்பார். வடகிழக்குப் பருவமழையின்போது ஆரணியாறும் காளங்கியும் கொண்டு வரும் வெள்ளத்தால் ஏரி நீரின் உப்பு குறைகிறது. மழை ஓய்ந்தபின் முகத்துவாரத்தின் வழியே புகும் கடல்நீர் மேலோங்குகிறது. கடுங்கோடையில் நீர் ஆவியாகி, சில இடங்களில் கடலைவிட உப்பு மிகுந்தும் காணப்படும். இந்தக் கலப்பை நம்பித்தான் இறாலும் நண்டும் மடவையும் அங்கே வாழ்கின்றன. முகத்துவாரம் மணலால் அடைபட்டுக் கலப்பு நின்று போனால், மீன்பாடு குறைந்து குப்பங்களில் அடுப்பெரிவதே கடினமாகிவிடும்.

ஆகவே அந்த ஏரியின் செல்வமே கலப்பில்தான் இருக்கிறது. 'உப்பா, நன்னீரா' என்று ஒற்றை விடை கேட்பவர் ஏரியை அறியாதவர் எனலாம்.

வேதிப் பிணைப்பைப் பற்றி நாம் வகுப்பில் கேட்கும் கேள்வியும் இதைப் போன்றதே என்பது என் கருத்து. அயனிப் பிணைப்பு, சகப்பிணைப்பு, உலோகப் பிணைப்பு என்று மூன்று பெட்டிகள் செய்து வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பொருளையும் ஏதேனும் ஒரு பெட்டியில் போடும்படி மாணவர்களைப் பழக்குகிறோம். முதல் இரண்டு பெட்டிகளுக்குப் பல பக்கங்கள் ஒதுக்குகிறோம். மூன்றாவது பெட்டிக்குச் சில வரிகளே கிடைக்கின்றன. ஆனால் ஆவர்த்தன அட்டவணையிலுள்ள தனிமங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு உலோகங்களே! அந்த உலோகங்கள் தமக்குள் சேர்ந்து உண்டாக்கும் சேர்மங்களைப் பற்றிப் பள்ளியில் நாம் பெரும்பாலும் பேசுவதே இல்லை. இந்தப் பேசாமையால் நமக்கு நேரும் இழப்பு சிறிதன்று. எப்படி என்று பார்ப்போம்.

கணக்கு எங்கே தவறுகிறது?

சோடியத்தின் இணைதிறன் ஒன்று, குளோரினின் இணைதிறன் ஒன்று. ஆகவே ஒன்றுக்கு ஒன்று. கால்சியத்தின் இணைதிறன் இரண்டு; ஆகவே ஒரு கால்சியத்துக்கு இரண்டு குளோரின். இந்தக் கணக்கு உங்களுக்கு மனப்பாடம்.

இப்போது வேறு சில சேர்மங்களைப் பாருங்கள். ஒரு சமாரியம் அணுவுக்கு ஐந்து கோபால்ட் அணுக்கள் கொண்ட சேர்மம் ஒன்று உண்டு. ஒரு லாந்தனத்துக்கு ஐந்து நிக்கல் கொண்டது மற்றொன்று. இரண்டு நியோடிமியத்துக்குப் பதினான்கு இரும்பும் ஒரு போரானும் கொண்டது மூன்றாவது. எந்த இணைதிறனைக் கொண்டு ஐந்தும் பதினான்கும் வரும்? நீங்கள் எவ்வளவு முயன்றாலும் வராது.

இவற்றிற்கு உலோக இடைச் சேர்மங்கள் என்று பெயர். இவை நாம் அறிந்த வெறும் உலோகக் கலவைகள் அல்ல. கலவையில் அணுக்கள் ஏறக்குறைய விருப்பம் போல் கலந்து நிற்கும். உலோக இடைச் சேர்மத்தில் ஒவ்வொரு வகை அணுவுக்கும் படிகத்தில் குறிப்பிட்ட இடமும், குறிப்பிட்ட விகிதமும் உண்டு. அந்த விகிதத்தைத் தீர்மானிப்பவை அணுக்களின் பருமன், அவை நெருங்கி அடுக்கப்படும் விதம், பொதுவில் சேரும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை முதலியன. பித்தளை போன்ற கலவைகளில் ஓர் அணுவுக்கு எத்தனை எலக்ட்ரான் என்ற விகிதமே படிக அமைப்பைப் பெரிதும் முடிவு செய்கிறது என்பதை இங்கிலாந்தின் ஹியூம்-ராத்தரி 1926-ஆம் ஆண்டிலேயே எடுத்துக் காட்டினார். இணைதிறன் கணக்கு பொய்யன்று. அதன் எல்லை உப்புக்களோடும் மூலக்கூறுகளோடும் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது, அவ்வளவே.

வீடும் ஏரியும்

மேலே சொன்ன சமாரியம், லாந்தனம், நியோடிமியம் ஆகியவை அருமண் தனிமங்களைச் சேர்ந்தவை. லாந்தனம் முதல் லுட்டீஷியம் வரை பதினைந்தும், ஸ்காண்டியமும், யிட்ரியமுமாகப் பதினேழு தனிமங்கள் இக்குடும்பத்தில் உண்டு. பெயரில் அருமை இருந்தாலும் இவை எல்லாம் அரியவை அல்ல. புவியின் மேலோட்டில் சீரியம் ஏறக்குறையச் செம்பின் அளவுக்கு இருக்கிறது. அரிதாக இருப்பது இவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தெடுக்கும் திறமைதான்.

பிரிப்பது ஏன் கடினம்? சீரியத்திலிருந்து லுட்டீஷியம் வரை புதிதாகச் சேரும் எலக்ட்ரான்கள் அணுவின் வெளிப்புறத்தில் சேர்வதில்லை. 4எஃப் எனப்படும் உட்புற ஆர்பிட்டால்களில் போய் அமர்கின்றன. வேதி வினைகளில் முன்னே நிற்கும் வெளி எலக்ட்ரான்கள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்று போலவே இருப்பதால், வேதி இயல்புகளும் ஒன்று போலவே இருக்கின்றன.

இந்த அணுக்கள் ஓர் உலோகச் சேர்மத்தில் சேரும்போது எலக்ட்ரான்கள் இரண்டு வகையாகப் பிரிகின்றன. இதை விளக்கப் பழவேற்காட்டின் 'பாடு' முறையையே எடுத்துக் கொள்வோம். ஏரியில் எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று முறை வைத்துப் பகிர்ந்து கொள்ளும் பழைய வழக்கம் அது. ஏரி பொது, அதை யாரும் தனியே வேலி கட்டி வைத்துக் கொள்வதில்லை. ஆனால் வீடும் அடுப்பும் அவரவர்க்கே உரியவை. அது போல, நியோடிமியம் அணு மூன்று எலக்ட்ரான்களைப் பொதுவுக்குத் தந்துவிடுகிறது. அவை படிகம் முழுவதற்கும் உரிய ஏரியாகி அணுக்களைப் பிணைக்கின்றன. வேறு மூன்று எலக்ட்ரான்கள் 4எஃப் என்னும் வீட்டுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன.

உவமை இவ்வளவு தூரந்தான் வரும். படகுகள் முறை போட்டுக் கொண்டு போகின்றன. எலக்ட்ரான்களோ முறை போட்டுக் கொள்வதில்லை. பொதுவிலுள்ள ஒவ்வோர் எலக்ட்ரானும் ஓர் அலையாகப் படிகம் முழுவதும் ஒரே சமயத்தில் பரவி நிற்கிறது.

வீட்டுக்குள் தங்கும் எலக்ட்ரானும் எப்போதும் அடங்கி இருப்பதில்லை என்பது இன்னொரு வியப்பு. சீரியம் உலோகத்தை ஏறத்தாழ 8,000 வளிமண்டல அழுத்தத்துக்கு உட்படுத்தினால், அது திடீரென்று 15 விழுக்காடு அளவுக்குச் சுருங்குகிறது. வீட்டிலிருந்த 4எஃப் எலக்ட்ரான் பிணைப்பில் கலந்து கொள்ளத் தொடங்குவதே இதற்கு அடிப்படை. ஆக, 'உள்ளே', 'வெளியே' என்னும் பிரிவும் உப்பு நீர், நன்னீர் என்பதைப் போன்றதே.

ஒரு விழுக்காடு போரான்

இப்போது காந்தத்துக்கு வருவோம். உங்கள் வீட்டிலுள்ள கைப்பேசியின் ஒலிபெருக்கியில் சிறு வெள்ளி வில்லை போன்ற காந்தம் ஒன்று இருக்கிறது. கடலுக்குப் போகுமுன் வானிலை எச்சரிக்கையைக் கேட்கும் மீனவரின் காதில் குரலாக ஒலிப்பது அந்தக் காந்தத்தின் வேலைதான். மின்சார வாகனங்களின் மோட்டார்களிலும், காற்றாலைகள் பலவற்றிலும் இவ்வகைக் காந்தமே இருக்கிறது. ஏரிக்கு அக்கரையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்படும் செயற்கைக் கோள்களில் பயன்படும் சில நுண்ணலைப் பெருக்கிகளில் சமாரியம்-கோபால்ட் காந்தங்கள் உண்டு.

தூய இரும்பு வலிமையாகக் காந்தமாகும்; ஆனால் எளிதில் திசை மாறிவிடும். நியோடிமியம் உலோகமோ அறை வெப்பநிலையில் நிலைக்காந்தமே ஆகாது. இரண்டும் தனித்தனியே பயனற்றவை. சேர்ந்தால் என்ன ஆகிறது? இரும்பு காந்த வலிமையையும், வெப்பத்தைத் தாங்கும் ஆற்றலையும் தருகிறது. நியோடிமியம் பிடிவாதத்தைத் தருகிறது. அதன் 4எஃப் எலக்ட்ரான் முகில் உருண்டையாக இல்லாமல் சற்றுத் தட்டையாக இருக்கிறது. சுற்றியுள்ள அணுக்களின் மின்னூட்டத்துக்கு ஏற்ப அந்த முகில் ஒரே நிலையில் பொருந்தி நிற்கிறது. அதன் காந்தத் திசையும் அந்த வடிவத்தோடு பிணைந்தது. ஆகவே திசையை மாற்ற வேண்டுமானால் முகிலையே புரட்டியாக வேண்டும், அது எளிதன்று. வீட்டுக்குள் இருக்கும் 4எஃப் எலக்ட்ரான், தூரத்திலுள்ள இரும்போடு நேரே பேசுவதில்லை. அதே அணுவின் வெளிப்புற 5டி எலக்ட்ரான்கள் நடுவில் நின்று செய்தி சொல்கின்றன.

சமாரியம்-கோபால்ட் காந்தங்களுக்கு அமெரிக்காவில் கார்ல் ஸ்டர்நாட் முதலியோர் 1966-67-இல் வழி திறந்தனர். 1978-இல் ஆப்பிரிக்காவின் ஜயர் நாட்டில் நேர்ந்த கலகத்தால் கோபால்ட் விலை ஏறியது. கோபால்டுக்குப் பதில் மலிவான இரும்பைக் கொண்டு காந்தம் செய்ய முடியாதா என்று பலர் முயன்றனர். ஒரு தடை இருந்தது. இரண்டு நியோடிமியத்துக்குப் பதினேழு இரும்பு கொண்ட சேர்மம், சுமார் 55 டிகிரி செல்ஷியஸிலேயே காந்தத் தன்மையை இழந்து விடுகிறது. நம் ஊர்க் கோடையில் வெயிலில் நிற்கும் வண்டிக்குள் அதை வைத்தாலே போதும்! சில இரும்பு அணுக்கள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கி நிற்பதே காரணம் என்று கருதப்பட்டது. போரான், கார்பன் போன்ற சிற்றணுக்களைச் சேர்த்து அந்த இடைவெளியை அகற்றினால் என்ன என்று ஜப்பானின் மசாடோ சகாவா சிந்தித்தார். அவருக்குக் கிடைத்தது முற்றிலும் புதிய படிக அமைப்புக் கொண்ட ஒரு சேர்மம். 1983-இல் அவரது குழுவும், அமெரிக்காவில் ஜான் குரோட்டின் குழுவும் தனித்தனியே நியோடிமியம்-இரும்பு-போரான் காந்தத்தை அறிவித்தன. இதன் காந்தத் தன்மை மறையும் வெப்பநிலை சுமார் 312 டிகிரி!

நீங்களே ஒரு கணக்குப் போடுங்கள். நியோடிமியம் 144, இரும்பு 56, போரான் 11 என்று அணு நிறைகளைக் கொள்க. சேர்மத்தின் நிறையில் நியோடிமியம் ஏறத்தாழ 27 விழுக்காடு, இரும்பு 72 விழுக்காடு, போரான் ஒரே ஒரு விழுக்காடு என்று வரும். அந்த ஒரு விழுக்காடு போரான், மேலே மூன்றும் கீழே மூன்றுமாக ஆறு இரும்பு அணுக்களுக்கு நடுவே அமர்ந்து, அவற்றோடு சகப்பிணைப்பை ஒத்த பிணைப்பை உண்டாக்குகிறது. இரும்புக்கும் இரும்புக்கும் இடையே உலோகப் பிணைப்பு. நியோடிமியத்திலிருந்து சிறிது மின்னூட்டம் மற்றவற்றை நோக்கி நகர்வதால் அயனிப் பிணைப்பின் சாயலும் உண்டு. ஒரே பொருளில் மூன்று பெட்டிகளும்! உலோகங்கள் சேர்ந்ததாயினும் இக்காந்தம் சுத்தியலால் அடித்தால் தகடாவதில்லை, நொறுங்குகிறது. நீங்கள் பெட்டியைப் பார்த்து விடை எழுதியிருந்தால் 'தகடாகும்' என்றுதானே எழுதியிருப்பீர்கள்?

மும்பையில் கிடைத்த துப்பு

இவை எல்லாம் வெளிநாட்டார் கதை என்று எண்ண வேண்டாம். மும்பையிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆர். நாகராஜன், எல். சி. குப்தா முதலிய அறிஞர்கள் யிட்ரியம், நிக்கல், போரான் ஆகியவை சேர்ந்த பொருள்களை ஆராய்ந்து வந்தனர். சுமார் 12 கெல்வினில் மீகடத்தும் தன்மையின் சிறு அறிகுறி தென்பட்டது. அதை அளவீட்டுப் பிழை என்று ஒதுக்கிவிடாமல் அவர்கள் பின்தொடர்ந்தனர். சிறிது கார்பனைச் சேர்த்தபோது மீகடத்தும் தன்மை முழுமையாக வெளிப்பட்டது. 1994-இல் இது வெளியிடப்பட்டது. உலகெங்கும் ஆய்வாளர்கள் போரோகார்பைடுகள் என்னும் இந்தக் குடும்பத்தை ஆராயத் தொடங்கினர்.

இக்குடும்பத்திலும் அதே பாடந்தான். போரானும் கார்பனும் வலிய சகப்பிணைப்பால் இறுகி நிற்கின்றன. ஆனால் பொருள் மின்சாரத்தைக் கடத்தும் உலோகமாகவே இருக்கிறது. யிட்ரியத்துக்குப் பதில் எர்பியத்தையோ ஹோல்மியத்தையோ வைத்தால், வீட்டுக்குள் இருக்கும் 4எஃப் எலக்ட்ரான்கள் காந்த ஒழுங்கில் நிற்க, ஏரியில் திரியும் எலக்ட்ரான்கள் மீகடத்துகின்றன. பொதுவாக ஒன்றையொன்று விரட்டும் இரண்டு தன்மைகள் ஒரே படிகத்தில் குடியிருக்கின்றன!

மணல் போதுமா?

இதனால் நமக்கு என்ன என்று நீங்கள் வினவலாம். 1909-ஆம் ஆண்டு, அன்றைய திருவிதாங்கூரைச் சேர்ந்த மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்னும் கனிமம் இருப்பதை ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்தார். தேங்காய் நார்ச் சரக்கில் ஒட்டிச் சென்ற மணலே அவருக்குத் துப்பாயிற்று என்பர். மோனசைட்டில் தோரியத்தோடு அருமண் தனிமங்களும் இருக்கின்றன. 1950-இல் இந்திய அருமண் நிறுவனம் அமைக்கப்பட்டது. 1952-இல் ஆலுவாயில் அதன் ஆலை இயங்கத் தொடங்கியது. அதாவது, அருமண் தொழிலில் நாம் பின்னால் வந்தவர்கள் அல்லர்.

ஆயினும் இன்று உலகின் அருமண் காந்தங்களில் பத்தில் ஒன்பது பங்கு சீனாவில் தயாராகிறது. 2025 ஏப்ரலில் சமாரியம், டிஸ்ப்ரோசியம் உள்ளிட்ட ஏழு அருமண் தனிமங்களுக்கும், அவை சேர்ந்த காந்தங்களுக்கும் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தது. நம் நாட்டு வாகனத் தொழிற்சாலைகளும் காந்தத்துக்காகக் கவலைப்பட நேர்ந்தது. 2023-இல் விசாகப்பட்டினத்தில் சமாரியம்-கோபால்ட் காந்த ஆலை நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 2025 நவம்பரில் காந்தத் தயாரிப்புக்கென 7,280 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் தந்தது. இவை நல்ல முயற்சிகளே. ஆனால் ஆலையைப் பணத்தால் கட்டிவிடலாம். ஒரு விழுக்காடு போரானைச் சேர்த்துப் பார்ப்போமா என்று எண்ணும் மனிதரைப் பணத்தால் மட்டும் உண்டாக்க முடியாது.

இன்னொன்றையும் மறக்கலாகாது. மணலைத் தோண்டுவதன் சுமை கடற்கரைக் குப்பங்களின் மீதே விழுகிறது. கரை அரிப்பும், மோனசைட்டின் கதிரியக்கம் பற்றிய அச்சமும் அங்கே வாழ்பவர்களுக்குத்தான். அறிவைச் சேர்க்காமல் மணலை மட்டும் அள்ளிக் கொண்டிருந்தால், இழப்பு முழுவதும் கரையோரத்துக்கும் பயன் வேறெங்கோ என்று ஆகிவிடும். பழைய காந்தங்களிலிருந்து அருமண் தனிமங்களை மீட்பதற்கும், குறைந்த அளவில் மிகுந்த பயன் பெறுவதற்கும் வழி காண வேண்டுமானால், அதற்கும் இந்தப் பிணைப்பைப் பற்றிய அறிவே வேண்டும்.

ஒரு மறுப்பும் விடையும்

"பள்ளி மாணவர்களுக்கு முதலில் எளிய விதிகள் வேண்டும்; கலப்பைப் பற்றிச் சொன்னால் குழம்பிவிடுவார்கள்" என்று சில ஆசிரியர்கள் கூறுவர். இதில் உண்மை உண்டு. நீச்சல் பழகுபவனை முதல் நாளே முகத்துவாரத்தின் நீரோட்டத்தில் யாரும் இறக்குவதில்லை. பெட்டிகளை வீசி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. பெட்டிக்கு வெளியே உலகம் இருக்கிறது என்பதையும் அதே பாடத்தில் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அதற்கு எளிய கருவியும் உண்டு. ஹாலந்து நாட்டின் வான் ஆர்க்கெல் 1941-லும், கெட்டலார் 1947-லும் மூன்று பிணைப்புக்களையும் ஒரு முக்கோணத்தின் மூன்று மூலைகளில் வைத்துக் காட்டினர். ஒரு மூலையில் சீசியம் உலோகம், மற்றொன்றில் புளோரின் மூலக்கூறு, உச்சியில் சீசியம் புளோரைடு. மற்றச் சேர்மங்கள் எல்லாம் இடையில் எங்கேனும் விழும். மூலைகள் மூன்றே, உள்ளிருக்கும் இடமோ பெரிது.

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். பிணைப்பை வேதியியல் வகுப்பிலும் காந்தத்தை இயற்பியல் வகுப்பிலும் கற்பிக்கிறோம். இரண்டு வகுப்புக்கும் நடுவே ஒரு சுவர். காந்தத்தின் பிடிவாதத்துக்குக் காரணம் பிணைப்பில் இருக்கிறது என்பதை யார் எந்த வகுப்பில் சொல்வது? இயற்பியல் கற்பிக்கும் எனக்கும் இந்தக் கேள்வியில் பொறுப்பு உண்டு. இரு பாட ஆசிரியர்களும் ஆண்டில் ஒரு நாளாவது ஒரே வகுப்பில் சேர்ந்து நின்று இதைச் சொல்லித் தர வேண்டும் என்பதே என் விருப்பம்.

நீங்கள் செய்யக்கூடியது

மாணவ நண்பர்களே, பாடத்திட்டம் மாறும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு வரைபடத் தாளை எடுத்துக் கொள்ளுங்கள். இரு தனிமங்களின் எலக்ட்ரான் கவர்திறன்களின் சராசரியைக் கிடை அச்சிலும், அவற்றின் வேறுபாட்டைச் செங்குத்து அச்சிலும் குறியுங்கள். பாலிங் அளவுகோலில் சோடியம் 0.93, குளோரின் 3.16, நியோடிமியம் 1.14, இரும்பு 1.83, போரான் 2.04. சோடியம்-குளோரின் எங்கே விழுகிறது? இரும்பு-போரான், நியோடிமியம்-இரும்பு, நியோடிமியம்-போரான் ஆகியவை எங்கெங்கே விழுகின்றன? பின்பு உங்களுக்குத் தெரிந்த பத்துச் சேர்மங்களை நீங்களே சேர்த்துக் கொள்ளுங்கள்.

பழுதான காதொலிப்பான் கிடைத்தால் அதிலுள்ள சிறு காந்தத்தை எடுத்து, பழைய கருப்புக் காந்தத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதை நெருப்பில் காட்ட வேண்டாம். சிறு குழந்தைகள் கைக்கு எட்டும்படியும் வைக்க வேண்டாம். இத்தகைய இரண்டு காந்தங்களை விழுங்கினால் குடலுக்குப் பேராபத்து.

படத்தை வரைந்து முடித்ததும் அதை உங்கள் வேதியியல் ஆசிரியரிடமும் இயற்பியல் ஆசிரியரிடமும் ஒருங்கே காட்டி, "ஐயா, இந்தக் காந்தத்தில் இருப்பது என்ன பிணைப்பு?" என்று கேளுங்கள். ஒரு சொல்லில் விடை வராது. அதன்பின் நடக்கும் உரையாடலுக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.